அடிக்கும் பட்டனே இல்லாத சண்டை விளையாட்டு ஏதாவது உண்டா?

உண்டு. பெயர் ஈஸ். ஆங்கிலத்தில் ஒய், எஸ் என்று இரண்டே எழுத்து. பல மாதம் நான் அதை 'ஒய்எஸ்' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன், திருத்த ஆளில்லை. பிரான்ஸின் பிரெத்தான் பகுதிக் கதைகளில் கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் நகரத்தின் பெயர் அது. இந்த விளையாட்டை ஜப்பானின் நிஹோன் ஃபால்காம் நிறுவனம் 1987 ஜூனில் என்இசியின் பிசி-8801 கணினிக்காக வெளியிட்டது. அன்று தொடங்கிய தொடர் இன்னும் நிற்கவில்லை. பத்தாம் பாகம் 2023-இல் வந்தது.

நான் விளையாடியது 2013-இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்த மறுபதிப்பு. முதல் சில நிமிடங்கள் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்த்தேன். நாயகன் அடோலின் கையில் வாள் இருக்கிறது, வீசத்தான் மாட்டேன் என்கிறான். அதற்குள் ஒரு அரக்கன் வந்து மோத, செத்தும் போனேன்.

விஷயம் இதுதான்: மோதுவதே அடி. எதிரி மேல் நேருக்கு நேர் மோதினால் அவனுக்கும் அடி விழும், நமக்கும் விழும். அரை உடம்பு விலகி, அவன் தோள்பட்டையை உரசுகிற மாதிரி மோதினால் அவனுக்கு மட்டும். முதுகுப் பக்கமாகப் போய் இடித்தாலும் அப்படியே. மூலப் பதிப்பில் நான்கு திசைதான்; நான் ஆடியதில் குறுக்காகவும் ஓடலாம், அது கொஞ்சம் சலுகை.

சொல்லிக் கேட்டால் சப்பென்று இருக்கும், தெரியும். ஆடிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கை தானாகவே அந்த அரை உடம்பு தூரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மோதிய வேகத்தில் எதிரி பின்னால் தள்ளப்படுவான். விடாமல் தொடர்ந்தால் சுவர் வரை தள்ளிக்கொண்டே போய் முடித்துவிடலாம். நின்று சண்டை போடும் வேலையே இல்லை. ஓடுவதும் அடிப்பதும் ஒரே காரியம். பட்டன் இல்லாததை ஒரு குறையாக நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது, பட்டன் வைத்திருந்தால் இந்த வேகம் கெட்டிருக்கும் என்றே படுகிறது.

மோதி அடிக்கும் முறை ஈஸ் கண்டுபிடித்ததல்ல. 1984-இல் வந்த ஹைட்லைட் என்ற விளையாட்டிலேயே இருந்தது. ஃபால்காமே அதே ஆண்டு டிராகன் ஸ்லேயரையும், அடுத்த ஆண்டு ஜனாடுவையும் வெளியிட்டது. ஜனாடு நான்கு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு: ஆடுபவரை வதைப்பது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லாது, தவறினால் மன்னிக்காது. ஈஸின் விளம்பரம் அதைத்தான் மறைமுகமாகக் குத்தியது; ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி, பலம் சேர்த்துக்கொண்டே கதையில் பயணிக்கும் விளையாட்டு வகை) இனி கனிவின் காலத்துக்குள் நுழைகிறது என்ற பொருளில் ஒரு வரி.

அந்தக் கனிவை ஆட்டத்திலேயே பார்க்கலாம். வெட்டவெளியில் சும்மா நின்றால் உயிர் தானாக ஏறும். ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடுத்த வேலை என்னவென்று பிடிபட்டுவிடும். லெவல் மொத்தமே பத்துதான். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆயிரம் பேரைக் கொன்று பலம் சேர்க்கும் அலுப்பு இதில் கிடையாது.

ஆனால் அந்தப் பத்துதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். டார்ம் கோபுர உச்சியில் கடைசி எதிரி டார்க் ஃபாக்ட் காத்திருக்கிறான். அங்கே போகும்போது லெவல் பத்தைத் தொட்டிருப்பீர்கள், அதற்கு மேல் ஏற வழியில்லை. அவன் அறை முழுக்கப் பந்து மாதிரி எகிறிக்கொண்டே நெருப்பு உமிழ்வான். ஒவ்வொரு அடி வாங்கும்போதும் தரையில் ஒரு ஓட்டை விழும், நிற்க இடம் குறைந்துகொண்டே வரும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் முதல் பத்துப் பன்னிரண்டு தடவை என் அடி அவன் மேல் ஏறவே இல்லை. என்னிடமிருந்த வாள்களில் எண் அதிகம் காட்டியது நெருப்பு வாள், அதைத்தான் பிடித்திருந்தேன். அவனுக்கு வெள்ளி வாள்தான் உறைக்கும். கதை முழுக்க வெள்ளி, வெள்ளி என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான்தான் வசனத்தைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டேன்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரும்பகுதி யூசோ கோஷிரோவுடையது, அப்போது அவருக்கு வயது 19. மினியா நகர வாசலைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் ஒரு மெட்டு தொடங்கும் பாருங்கள், சண்டை வேண்டாம் என்று நினைத்தவனும் ஓட ஆரம்பித்துவிடுவான். மறுபதிப்பில் பழைய சிப் ஒலியையும் புது வாத்தியப் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். நான் பழையதிலேயே நின்றுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. கோபுரத்தில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று அலைய விடுவார்கள். கதையும் பாதியில்தான் நிற்கிறது. மீதி 1988-இல் வந்த இரண்டாம் பாகத்தில். நல்லவேளையாக மறுபதிப்பில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. மூன்றாம் பாகத்திலேயே, 1989-இல், பக்கவாட்டுப் பார்வையும் அடிக்கும் பட்டனும் வந்துவிட்டன. விளையாட்டை உருவாக்கிய மசாயா ஹாஷிமோட்டோவும் கதை எழுதிய டொமோயோஷி மியாசாகியும் விலகிப் போய் குவிண்டெட் என்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களின் ஆக்ட்ரைசர் விளையாட்டுக்கும் இசை கோஷிரோதான்.

முதல் பாகம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். கேம்பேட் இருந்தால் அதிலேயே ஆடுங்கள், கீபோர்டில் அந்த அரை உடம்பு விலகல் எனக்குச் சரியாகப் பிடிபட இரண்டு நாள் ஆனது.