தடாகத்தைக் காட்டி வீடு கொடுத்தார்கள், இப்போது பூட்டிவிட்டார்கள்

கேள்வி: நான் ஹட்டனைச் சேர்ந்த ஆசிரியை. கண்டிக்கு இடமாற்றம் கிடைத்ததால் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு வந்தோம். விபத்தில் இடுப்பில் அடிபட்ட என் தம்பி தினமும் நீந்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் நீச்சல் தடாகத்தோடு கிடைத்த வீடு இது ஒன்றுதான். மாதம் 65,000 ரூபாய், ஆறு மாத முற்பணம், ஒரு வருட ஒப்பந்தம். இரண்டாவது வாரமே, வீட்டுக்காரர் பராமரிப்புப் பணம் கட்டவில்லை என்று தொடர்மாடி முகாமைத்துவத்தினர் எங்களைத் தடாகத்துக்குள் விட மறுத்துவிட்டார்கள். 'தடாகத்துக்கு நான் வாடகை வாங்கவில்லையே' என்கிறார் வீட்டுக்காரர். வாடகையை நிறுத்தலாமா? முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியேறலாமா?

பதில்: சகோதரி, வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு மாத வாடகை தவறினால், பணம் கட்டாத குடியிருப்பாளர் என்ற பெயர் உங்கள் தலையில் விழும். பிறகு வழக்கே அதைச் சுற்றித்தான் நடக்கும். கையில் கொடுப்பதை விட்டு, வங்கி மூலம் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு போட்ட தாள், ஒரு முத்திரை, அதன் குறுக்கே இரண்டு கையொப்பங்கள், 'ஒரு வருடத்துக்கு' என்று சிங்களத்தில் ஒரு வரி. உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கையொப்பம் இல்லை. நீச்சல் தடாகம் என்ற சொல்லும் எங்கும் இல்லை. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இப்படிப்பட்ட தாளை நம்பித்தான் கொடுக்கின்றன. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிட வேண்டும். ஆகவே உங்கள் 'ஒரு வருடம்' சட்டத்தின் முன் நிற்காது. வீட்டில் குடியிருந்து வாடகை கட்டுவதால் நீங்கள் மாத வாடகைக் குடியிருப்பாளர். இது உங்களுக்குச் சாதகம்தான். ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு வெளியேறலாம்; 'வருடம் முடியவில்லை, முற்பணம் தரமாட்டேன்' என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது. நிலுவை வாடகை இருந்தால் அதையும், உண்மையான சேதம் இருந்தால் அதையும் முற்பணத்திலிருந்து கழிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதே அறிவித்தலை அவரும் உங்களுக்குக் கொடுக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தடாகத்துக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடத்தில், பொதுப் பகுதிகள் எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்காகச் சேரும்; அவற்றைப் பராமரிப்பது, அந்த உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். உங்கள் உரிமை வீட்டுக்காரரின் உரிமை வழியாகத்தான் வருகிறது. அவர் பணம் கட்டாமல் விட்டதற்குக் காவலாளியோடு சண்டை போட்டுப் பயனில்லை. காணிப் பதிவகத்தில் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து, தடாகம் பொதுப் பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அது கட்டியவரின் கையிலேயே இருக்கும்.

தம்பியின் உடல்நிலையை நினைத்தால், வழக்குக்கு முன் இதை முயன்று பாருங்கள் என்பேன். நிலுவை எவ்வளவு என்று முகாமைத்துவத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொகை சிறிதானால் நீங்களே கட்டி, வாடகையில் கழித்துக்கொள்வதாக வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அவருடைய கையொப்பம் இல்லாமல் ஒரு ரூபாயும் கழிக்காதீர்கள்.

அவர் ஒத்துவராவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளையும் முற்பணக் கணக்கையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'நீச்சல் தடாகத்துடன்' என்ற விளம்பரத்தை அழித்துவிடாதீர்கள். தடாகத்தைக் காட்டித்தான் வீட்டைக் கொடுத்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பணம் வராவிட்டால், தொகையைப் பொறுத்து மத்தியஸ்த சபைக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகலாம். இடையில் அவர் கதவுக்குப் பூட்டுப் போட்டாலோ தண்ணீரை வெட்டினாலோ உடனே பொலிஸில் முறையிடுங்கள். அமைதி குலையும் நிலை வந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தலையிட முடியும்.

அடுத்த வீட்டுக்கு நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். 'தடாகத்தைப் பயன்படுத்தும் உரிமை வாடகையில் அடங்கும். மூடப்பட்டால் இவ்வளவு குறையும்' என்ற வரி அதில் இருக்கட்டும். சிங்களத்தில் எழுதினால் வரி வரியாக வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு விளக்காமல் உறுதிப்படுத்துவது நொத்தாரிசு கட்டளைச் சட்டத்துக்கு முரண். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால், குத்தகைக் காலம் முடிந்ததும் வீட்டைச் சுருக்கமான நீதிமன்ற நடைமுறையில் மீட்க வீட்டுக்காரருக்கு முடியும். ஆகவே முடிவுத் திகதியைக் கவனியுங்கள்.

இன்னொன்று, நம் மலைச்சரிவுகளில் கசியும் தடாகம் மண்ணுக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருக்கும்; மண்சரிவுக்கு அது வழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியையும் உள்ளூராட்சி மன்றத்தின் இணக்கச் சான்றிதழையும் கேட்டுப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

இந்த மாதம் முடிவதற்குள் அறிவித்தல் கடிதத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்த மாத இறுதியில் நீங்கள் வெளியேறலாம்.