தங்கம் ஏன் சிவப்பு என்று கேட்ட பெண்

"கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், நானோ அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள் சார். சித்தப்பா, மாமா எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்" என்று சொல்லும்போதே, மகளின் மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது. மகள் வாய் திறக்கவில்லை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்னக் குப்பியில் மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம். "இதில் இருப்பது தங்கம் சார். ஏன் சிவப்பு?"

கவலைப்படாதீர்கள் என்று அதுவரை நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். அம்மா, சித்தப்பாவா பரீட்சை எழுதப் போகிறார்? கம்ப்யூட்டர் படிப்பின் பெருமையைச் சொல்ல வீடு நிறைய ஆள் இருக்கிறார்கள். நான் இந்தக் குப்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

அதில் மிதப்பவை கண்ணுக்குத் தெரியாத தங்க உருண்டைகள். சுமார் 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள உருண்டை மீது ஒளி பட்டால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் ஆடும். 520 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி, அதாவது பச்சையில், ஆட்டம் உச்சத்துக்குப் போகும். பச்சையை அது விழுங்கிவிட, நம் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. உப்புக் கரைசலைக் கொஞ்சம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திரவம் கண்ணெதிரே நீலமாகும். இந்தச் சிவப்பை ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1857-லேயே ஆராய்ந்தார். 1908-இல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ அதற்குக் கணக்குப் போட்டார். உருண்டையைக் குச்சியாக நீட்டினால் உறிஞ்சுவது அகச்சிவப்புப் பக்கம் நகரும். உறிஞ்சிய ஒளி வெப்பமாகிவிடும். அந்தச் சூட்டால் புற்றுக்கட்டியை அழிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. இதில் என்ன வேலை இருக்கிறது என்று மாமா கேட்டால், கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைச் சொல்லுங்கள். பலவற்றில் அந்தச் சிவப்புக் கோடே தங்கத் துகள்தான்.

பணத்தில் மட்டும் நான் கறார். பெயரில் 'நானோ' இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கி எந்த இளநிலைப் படிப்பிலும் சேர்க்காதீர்கள். இயற்பியலோ வேதியியலோ, கட்டணம் குறைந்த சாதாரணப் பட்டம் போதும். சேரும் முன் ஆய்வகத்துக்குள் போய், ஒளி உறிஞ்சுதலை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மாணவர்கள் கையால் தொட விடுகிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் வேறு இடம் தேடலாம். இளநிலையோடு நின்றால் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. குறைந்தது முதுநிலை வரை போகவேண்டும். அதற்குப் பிறகு ஆராய்ச்சி என்றால், உதவித்தொகை இல்லாத இடத்தில் சேரவே கூடாது.

சரி, அடுத்த முறை வரும்போது கட்டண விவரங்களை எடுத்து வாருங்கள். சித்தப்பா வேண்டாம்.