கீழ்ச்சுவரில பெயின்ற் உரிஞ்சு வெள்ளைத் தூள் வருது: பதில்

நீர்புகாப் பெயின்ற் அடிச்சும் 3 அடி உயரத்துக்கு ஈரக் கறை இருக்கு, திரும்ப அடிக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இன்னொருக்கா அடிக்காதேங்கோ. வெளியேற வழியில்லாத ஈரம் இப்ப இருக்கிற 3 அடியை விட மேல ஏறும். அந்தத் தூள், பெரும்பாலும் நிலத்துத் தண்ணி இழுத்துக்கொண்டு வந்த உப்பு.

சுண்ணாம்புச் சாந்தில கட்டின பழைய கல்வீடு எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்பிடியான சுவருக்கு அடியில ஈரத்தடுப்புப் படை (நிலத்து ஈரம் மேல ஏறாமல் மறிக்கிற படை) பெரும்பாலும் இராது. பிறகு பூசின சீமெந்தும், சுவரோட ஒட்டிப் போட்ட சீமெந்து முற்றமும்தான் ஈரத்தைப் பூட்டி வைச்சிருக்கும். முற்றத்தில எனக்குச் சந்தேகம் கூட.

பெயின்ற் உரியாத இடத்தில ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால ஒட்டி 2 நாள் விடுங்கோ. சுவர்ப்பக்கம் துளி பிடிச்சால் சுவரீரம். அறைப்பக்கம் எண்டால் காத்தீரம், யன்னலைத் திறந்துவிடுங்கோ.

சுவரீரம் எண்டால்:

1. சுவரோர முற்றத்தை 1 அடி அகலத்துக்கு உடைச்சுச் சல்லி போடுங்கோ.
2. கறைக்கு மேல 1 அடி வரை பூச்சைக் கொத்துங்கோ. உப்பைக் காய்ஞ்ச தூரிகையால தட்டுங்கோ. கழுவினால் திரும்ப உள்ள போகும்.
3. கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பு 1, உப்பில்லாத மணல் 3 கலந்து பூசி, வெள்ளையடியுங்கோ.

மாரிக்குள்ள தொடங்காதேங்கோ. முதல் வருசம் கொஞ்சம் உப்புப் பூக்கும். கறை ஒரு மூலையில மட்டும் எண்டால் முதல்ல தண்ணிக் குழாயைப் பாருங்கோ.