காதைத் தாண்டாத கொம்பைச் சுடாதீர்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். வேட்டைப் பயிற்சி முடித்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன். நவம்பரில் டெக்சஸ் ஃபயெட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு குத்தகை நிலத்துக்கு நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே 13 அங்குலக் கொம்பு விதி உண்டாமே? தூரத்தில் நிற்கிற மானின் கொம்பை எப்படி அளப்பது? தெரியாமல் இளம் மானைச் சுட்டு மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அளக்கவே வேண்டாம். காதைப் பாருங்கள்.

அந்தப் பக்கத்து வெள்ளைவால் மான் காதை விறைத்துக்கொண்டு உங்களை நேராகப் பார்க்கும்போது, ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறக்குறைய 13 அங்குலம். இரண்டு கொம்புத் தண்டுகளின் உட்பக்க இடைவெளி அதைவிட அகலமாக இருந்தால் சுடலாம். கொம்பு காதுக்குள்ளேயே அடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். மான் பக்கவாட்டில் நின்றாலோ, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நடந்தாலோ இந்தக் கணக்கு உதவாது. அது திரும்பிப் பார்க்கும்வரை காத்திருங்கள். பார்க்காமலே போனால் போகட்டும். உடம்பையும் கவனியுங்கள். ஒன்றரை வயது மானுக்குக் கழுத்து மெலிந்திருக்கும், கால் மட்டும் நீளமாகத் தெரியும். கொம்பை மறைத்துவிட்டால் பெண் மான் என்றே நினைப்பீர்கள்.

இந்த விதி 2002-ல் ஃபயெட் உட்பட ஆறே கவுண்டிகளில் தொடங்கியது. அதற்கு முன்பு ஆண் மான்களை முதல் கொம்பு முளைத்த வருடமே சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று, நான்கு வயதைத் தொடுவதே அபூர்வம். இன்று டெக்சஸின் 254 கவுண்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் இது அமலில் இருக்கிறது. மற்றவற்றில் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொன்று. மானுக்கு வரைபடமா தெரியும்? போதாக்குறைக்கு, ஆஸ்டின் நகரம் இருப்பது டிராவிஸ் கவுண்டியில்; ஆஸ்டின் கவுண்டியோ ஹூஸ்டனுக்கு மேற்கே. பெயர்க் குழப்பத்தில் வேறு கவுண்டியின் விதியைப் படித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரை விடுங்கள், நிலம் எந்தக் கவுண்டி என்று கேளுங்கள்.

ஒரு விலக்கைக் கட்டாயம் புரிந்துகொள்ளுங்கள், எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு கொம்பாவது கிளைவிடாமல் ஒற்றை முனையாக இருந்தால், அகலம் எவ்வளவாக இருந்தாலும் அந்த மானைச் சுடலாம். 'ஒரு கொம்பாவது' என்பதுதான் முக்கியம். இரண்டும் ஈட்டிபோல நிற்கும் ஸ்பைக் மட்டுமல்ல; இடது கொம்பில் நாலு கிளை, வலது கொம்பு மொட்டைக் குச்சி என்றாலும் சரிதான். ஆனால் எது கிளை? ஒரு அங்குலமாவது நீளம் வேண்டும். அதிகாலை மங்கலில் அந்த ஒரு அங்குலம் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது, முப்பது வருடமாக இதையே செய்கிறேன். அதனால் ஸ்பைக் என்றால் நல்ல வெளிச்சம், நல்ல பைனாகுலர், இரண்டு பக்கமும் தனித்தனியாக. சீசனுக்கு இரண்டு ஆண் மான் என்றாலும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது ஒன்றுதான். மற்றது ஒற்றை முனைக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

இனி நான் எப்போதும் கத்துவது: கெய்டின் பேச்சைக் கேட்டு விரலை அழுத்தாதீர்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு, 'அகலம் தாராளம், அடி' என்று காதில் ஓதியிருக்கிறார் கெய்டு. கீழே விழுந்த பிறகு டேப் வைத்தால் பன்னிரண்டேகால். அபராதம் சுட்டவருக்கு, கெய்டு கூலியை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

'எங்கள் நிலம் எம்எல்டி திட்டத்தில் இருக்கிறது, 13 அங்குலமெல்லாம் பொருந்தாது' என்பது இன்னொரு பாட்டு. எம்எல்டி என்பது நில உரிமையாளர்கள் சேரும் மாநில மான் மேலாண்மைத் திட்டம். அந்தத் திட்டத்து டேக்கில் (சுட்ட மானில் கட்டும் சீட்டு) அடித்தால் விதி பொருந்தாது என்பது உண்மைதான். அப்படியானால் அந்த டேக் எங்கே? கையில் வாங்கிய பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள். பெரிய கொம்பு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி முன்பணம் கேட்கும் தரகரிடம், நில உரிமையாளரின் வேட்டைக் குத்தகை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப்பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள்.

மான் விழுந்ததும் முதல் வேலை டேக் போடுவது. வீடு சேரும்வரை கொம்போடு தலையை மானோடேயே வைத்திருங்கள். வழியில் வார்டன் (வேட்டைச் சட்ட அதிகாரி) நிறுத்தினால் அளந்து பார்க்க அவருக்கு அதுதான் வேண்டும்.