மலையில் கேக் ஏன் குழிகிறது? வீட்டு பேக்கிங் கேள்வி பதில்

நுவரெலியாவில் வீட்டிலிருந்தே கேக், பன், ரோல்ஸ் என்று ஓடர் எடுத்துச் செய்கிறேன். புதுசாக ஏதாவது செய்து பார்த்துச் சரிவராதவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஐசிங் பூ எப்படிப் போடுவது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை எழுதிப் புரியவைக்க முடியாது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கை வரும்.

ஹட்டன்: அக்கா, பட்டர் கேக் ஓவனுக்குள் அழகாக எழும்பி வருகிறது, கடைசிப் பத்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. இதே அளவில் வத்தளையில் இருக்கிற என் தங்கச்சி செய்தால் ஒன்றும் ஆவதில்லை. பேக்கிங் பவுடர் பழசா?

பதில்: பவுடர் பழசாக இருந்தால் கேக் எழும்பவே எழும்பாது. உங்களுடையது எழும்பித்தான் விழுகிறது, அப்படியென்றால் பவுடர் கூடிப்போச்சு. வத்தளை கடல் மட்டத்தில் இருக்கிறது, ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நாங்கள் இருக்கிற நுவரெலியா 1,870 மீற்றருக்குக் கிட்ட. மேலே வர வர காற்றழுத்தம் குறையும். கேக்குக்குள் உண்டாகிற வாயுக் குமிழிகளை அமுக்கிப் பிடிக்க அழுத்தம் போதாது, அவை கண்டபடி பெருத்து, மா வெந்து இறுகுவதற்கு முன்னாலேயே உடைந்துவிடும். அதோடு கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் கேக்கிலிருந்து ஈரம் சீக்கிரம் போகும், ஈரம் போகப் போக மிச்சமிருக்கிற சீனியின் அடர்த்தி கூடும், சீனி கூடினால் கேக் இறுகப் பிந்தும். எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குழி.

250 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று சொல்லியிருந்தால் ஹட்டனில் ஒன்றரை போடுங்கள், நுவரெலியாக்காரர்கள் ஒன்றேகாலில் தொடங்கலாம். ஒவ்வொரு கப் சீனியிலும் ஒரு மேசைக்கரண்டியை எடுத்துவிடுங்கள். பால் இரண்டு மேசைக்கரண்டி கூட. ஓவன் 180 என்றால் 190 வையுங்கள், மேலும் கீழும் சீக்கிரம் இறுகட்டும், ஆனால் சொன்ன நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னாலேயே குச்சி குத்திப் பாருங்கள். பட்டரையும் சீனியையும் பீட்டரில் வெள்ளை நுரையாக வரும்வரை அடிக்கச் சொல்வார்கள், இங்கே அவ்வளவு வேண்டாம், நிறம் வெளிறியதும் நிறுத்துங்கள். இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். முதலில் பவுடரைக் குறைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

தலவாக்கலை: மாலு பன்னுக்கு மா பிசைந்து வைத்தால் இரண்டு மணித்தியாலம் ஆனாலும் அப்படியே கல் மாதிரி இருக்கிறது. டிசம்பரில்தான் இப்படி. ஈஸ்ட்டைக் கூட்டவா?

பதில்: கூட்டாதீர்கள். பிறகு பன்னில் ஈஸ்ட் வாசம்தான் வரும், மீன் வாசம் வராது. ஈஸ்ட்டுக்குக் குளிர், அவ்வளவுதான். அரை கிலோ மாவுக்கு 2 தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தாராளம். பாலை விரல் வைத்தால் இதமாகச் சுடுகிற அளவுக்குச் சூடாக்குங்கள், சுட்டு இழுத்துக்கொள்கிற அளவுக்குப் போனால் ஈஸ்ட் செத்துவிடும். முட்டையும் மாவும்கூட இங்கே ஐஸ் மாதிரித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பிசைந்த மாவை மூடி, அணைத்த ஓவனுக்குள் ஒரு கோப்பைக் கொதிநீரோடு வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஆனால் அங்கே வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது, ஏனென்றால் சூடு கிடைத்தால் மலையில் மா கொழும்பைவிட வேகமாக எழும்பும், அதே காற்றழுத்த விஷயம்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். மா தொட்ட விரலால் அரை அங்குலம் குத்துங்கள். குழி உடனே துள்ளி மூடினால் இன்னும் நேரம் வேண்டும், மெதுவாக, அரை மனதோடு மேலே வந்தால் சரி. குழி அப்படியே நின்று, சுற்றிச் சுருக்கம் விழுந்தால் கூடிப்போச்சு, திரும்பப் பிசைந்து இன்னொரு தடவை எழும்ப விடுங்கள்.

மீன் கறி தண்ணியாக இருந்தால் பன் அடியில் வேகாது. டின் மீனை நன்றாக வடித்து, வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாயோடு வதக்கி, அவித்த உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறுங்கள். மிளகுத்தூளைக் கடைசியில் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். முற்றாக ஆறிய பிறகு உருட்டி உள்ளே வையுங்கள்.

பொகவந்தலாவை: எங்கள் வீடு லயம்தான், ஓவன் வாங்க வசதியில்லை. கேஸ் அடுப்பும் விறகடுப்பும் இருக்கிறது. கேக் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஓவன் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டுத்தான் பிபிக்கன் என்கிற தேங்காய்க் கேக்கைச் சுட்டார்கள். 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் ஓவன் வைத்திருந்தவர்களே விறகடுப்புக்குத் திரும்பினார்கள். அடி கனத்த பெரிய அலுமினியச் சட்டி எடுங்கள், உள்ளே ஒரு வளையமோ கவிழ்த்த தகரத் தட்டோ வைத்து, இறுக்கமான மூடி போட்டு, பத்து நிமிடம் வெறுமனே சூடாக்குங்கள். பிறகு கேக் டின்னை இறக்கி மிகச் சின்ன நெருப்பில் விடுங்கள். அரை மணித்தியாலம் வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் சூடெல்லாம் போய்விடும். பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

மேல் பக்கம் சிவக்காது. விறகடுப்பு இருக்கிறதே, ஒரு கரண்டித் தணலை எடுத்துத் தட்டையான மூடிமேல் பரப்பிவிடுங்கள். கேஸ் அடுப்பு மட்டும் இருக்கிறவர்களால் இதைச் செய்ய முடியாது, இந்த விஷயத்தில் நீங்கள்தான் பணக்காரர்.

நானுஓயா: தோட்டத்தில் லீக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. சூப்பையும் கறியையும் விட்டால் வேறு என்ன?

பதில்: பை செய்யுங்கள். பேஸ்ட்ரி விஷயத்தில் மலை நாட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. கொழும்பில் பட்டர் கையிலேயே உருகி ஓடும், அங்கே மாவை நாலு தடவை குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுப்பார்கள், இங்கே மேசையே போதும். 200 கிராம் மாவுக்கு 100 கிராம் குளிர்ந்த பட்டர், கொஞ்சம் உப்பு, விரல் நுனியால் உதிர்த்து, மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் திரட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி இழுத்துப் பிசைந்தால் மெத்தென்று வராது, கடிக்கவே பல் வேண்டும்.

லீக்ஸை நெடுக்குவாட்டில் கீறி மடல் மடலாக விரித்துக் கழுவுங்கள், வெள்ளையும் பச்சையும் சேர்கிற இடத்தில்தான் மண் ஒளிந்திருக்கும். மெலிதாக வெட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் வற்றி இனிப்பு வாசம் வரும்வரை வதக்குங்கள். சீஸ் விலைக்கு நான் சீஸ் போடச் சொல்ல மாட்டேன். இரண்டு முட்டையைப் பாலோடு அடித்து, மசித்த கிழங்கு கொஞ்சமும் மிளகும் சேர்த்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் லீக்ஸ் என்றால் முகம் சுளிப்பார்கள், இதைத் தின்பார்கள்.

வெலிமடை: மில்க் டொபி ஒரு நாள் பாகாக இருக்கிறது, இன்னொரு நாள் மணலாக உதிர்கிறது. அதற்காகவே வெப்பமானி வாங்கினேன், 114 பாகை வரை காத்திருந்தேன், அப்படியும் உதிர்ந்துவிட்டது.

பதில்: 114 கடற்கரைக்கான கணக்கு. தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால், இங்கே வெப்பமானி 114 காட்டும்போது பாகு எப்போதோ அந்தப் பதத்தைத் தாண்டியிருக்கும். உங்கள் வெப்பமானியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 96 காட்டினால் நான்கு பாகையைக் கழியுங்கள், நுவரெலியா என்றால் ஆறு. வெப்பமானியே இல்லாதவர்களுக்கு ஒரு கோப்பைக் குளிர்ந்த தண்ணீர் போதும்: ஒரு துளி விடுங்கள், அடியில் போய் விரலால் உருட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். கரைந்தால் பொறுங்கள், டக் என்று முறிந்தால் தாமதம். இறக்கிய பிறகு பக்கத்தில் ஒட்டியிருக்கிறதைச் சுரண்டிப் போடாதீர்கள். அந்தச் சீனிக் கட்டிதான் முழுச் சட்டியையும் மணலாக்கும்.

நோர்வூட்: கோயில் திருவிழாவுக்கு முட்டை இல்லாத கேக் கேட்கிறார்கள்.

பதில்: ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர். புளிப்புத் தயிராக இருந்தால் நல்லது, புளிப்பிருந்தால் கேக் சீக்கிரம் இறுகும், மலையில் எங்களுக்கு வேண்டியதும் அதுதான். அதனால் அப்பச்சோடாவைக் கை தாராளமாகப் போட்டு அந்தப் புளிப்பைக் கொன்றுவிடாதீர்கள், ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும். கலந்தவுடன் ஓவனுக்குப் போக வேண்டும். மூன்று முட்டைக்கு மேல் போகிற கேக்கை இப்படி மாற்ற முயற்சி செய்யாதீர்கள்.

பண்டாரவளை: ஸ்ட்ரோபெரி அரைத்துப் போட்டேன், கேக் சாம்பல் நிறமாக வந்தது.

பதில்: சோடா வேலை. அந்தச் சிவப்பு புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடரில் செய்யுங்கள், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் சேர்க்கலாம். அப்படியும் கடை நிறம் வராது, கடையில் போடுவது கலர்.

பதுளை: நத்தாருக்கு லவ் கேக் செய்ய ஆசை. நீங்கள் சொல்கிற மலைக் கணக்கு இதற்கும் உண்டா?

பதில்: பெரிதாக இல்லை. பதுளை 700 மீற்றர்கூட வராது, அதோடு லவ் கேக்கில் பேக்கிங் பவுடரே கிடையாது. விழ ஒன்றுமில்லாத கேக். இங்கே கவனம் முழுக்க ஈரத்தில். 250 கிராம் ரவையை லேசாக வறுத்து, சூட்டோடு 200 கிராம் பட்டரில் கலந்து ஊற விடுங்கள். 10 மஞ்சள் கரு, 450 கிராம் சீனி, 250 கிராம் பொடியாக வெட்டிய கஜு, புஹுல் தோசி என்று கடையில் விற்கிற, சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணித் துண்டு 100 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, ரோஜாப் பன்னீர், ஏலக்காய், சாதிக்காய், தேசிக்காய்த் தோல் துருவல். கஜுவை மிக்ஸியில் அரைத்து மாவாக்காதீர்கள், பல்லில் தட்டுப்பட வேண்டும். கடைசியாக நான்கு வெள்ளைக் கருவை அடித்து மெதுவாகச் சேருங்கள்.

டின்னுக்கு உள்ளே எண்ணெய்த் தாளுக்கு அடியில் இரண்டு மூன்று மடிப்புப் பழுப்புத் தாள் கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே வேகுமுன் ஓரம் கருகும். 150 பாகை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். மேல் சீக்கிரம் சிவந்தால் ஒரு தாளால் மூடுங்கள். குச்சி சுத்தமாக வரவேண்டும் என்று காத்திருந்தால் கேக் காய்ந்த ரவை உருண்டைதான். மேலே இறுகி, நடுவில் தொட்டால் கொஞ்சம் அசைகிற நேரத்தில் எடுத்து, டின்னோடேயே ஆற விடுங்கள். அடுத்த நாள் வெட்டுங்கள். அன்றைக்கே சுடச்சுட வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நொறுங்குகிறது என்று என்னிடம் வராதீர்கள்.

மஸ்கெலியா: தேயிலை போட்டு கேக் செய்யலாமா? தோட்டத்துத் தூள்தான் வீட்டில் இருக்கிறது.

பதில்: செய்யலாம், ஆனால் தூளை அப்படியே மாவில் கொட்டாதீர்கள், வாயில் நறநற என்று இருக்கும். கேக்குக்கு வேண்டிய பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, 2 தேக்கரண்டி தூளைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி, துணியில் வடித்துப் பிழியுங்கள். தூள் பாலைக் குடித்துவிடும், அதனால் கால் பங்கு கூடவே எடுங்கள். குடிக்க முடியாத அளவுக்குக் கடுப்பாக இருந்தால்தான் கேக்கில் தேயிலை தெரியும். வனிலா போடாதீர்கள், இரண்டும் சண்டை. ஏலக்காயோ இஞ்சியோ சரி.

கொட்டகலை: ஓடர் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். சித்தி சொல்கிறார் நான் கூடுதலாக வாங்குகிறேன் என்று. எப்படி விலை போடுவது?

பதில்: சித்தி கேக் வாங்குகிறவரா, சும்மா வாங்கிப் போகிறவரா? முதலில் அதைப் பாருங்கள். மா, முட்டை, பட்டர் கணக்கு எல்லாரும் போடுகிறார்கள். கேஸ் அல்லது கரண்ட், பெட்டி, அடித்தாள், டவுனுக்குப் போய் வந்த பஸ் காசு, சரிவராமல் வீட்டிலேயே தின்ற கேக், இவற்றை யாரும் போடுவதில்லை. அதற்கு மேல் உங்கள் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒன்றை வையுங்கள், சின்னத் தொகையானாலும் வையுங்கள். முட்டை விலை மாறுகிற வேகத்துக்கு ஒரு மாதத்துக்கு முந்திய விலையை வைத்து ஓடர் எடுக்கக் கூடாது. முற்பணம் பாதி வாங்குங்கள், சொந்தக்காரரிடம் கட்டாயம் வாங்குங்கள். கடைகளுக்குப் போடுகிற அளவுக்கு வளர்ந்தால் உங்கள் பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள், யாராவது முறைப்பாடு போட்டு அவர் வருவதைவிட அது நல்லது.

நுவரெலியா: அண்ணனின் கல்யாண வீடு கொழும்பில். பட்டர் ஐசிங் கேக்கை இங்கிருந்து கொண்டுபோகலாமா?

பதில்: வெறும் கேக்காகக் கொண்டுபோங்கள், ஐசிங்கை அங்கே போய்ப் பூசுங்கள். இங்கே கத்தி இறங்காமல் நிற்கிற பட்டர் ஐசிங் கினிகத்தேனை தாண்டும்போதே பளபளக்கத் தொடங்கும், அவிசாவளையில் பூ சரியும். பூசித்தான் ஆகவேண்டும் என்றால் பட்டரில் பாதிக்கு வெஜிடபிள் ஷோர்ட்னிங் போடுங்கள், ருசி குறையும், ஆனால் நிற்கும். முதல் நாள் இரவு முழுக்கக் குளிரவைத்து, காரின் அடித்தட்டில், வெயில் படாத பக்கம், பெட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் பாய் விரித்து வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், மடிச்சூடு ஒன்று, வளைவுக்கு வளைவு சாய்வது இன்னொன்று. அதிகாலை நாலு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.