இலியட், ஒடிசி முடித்தாயிற்று. அடுத்து எதைப் படிப்பது?

தம்பி, பிளஸ் டூ படிக்கும்போதே ஹோமரின் இரண்டு காவியங்களையும் முழுசாக வாசித்திருக்கிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். கிரேக்க, ரோமானிய இலக்கியப் பட்டப்படிப்புக்கு பிரிட்டனில் விண்ணப்பிக்கும் முன் மற்ற நூல்களையும் கால வரிசைப்படி முடித்தாக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தெரிந்த கதையை இன்னொருவர் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று தேடிப் போங்கள்.

ஒடிசியின் 11-ஆம் காண்டத்தில், டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கிய அகமெம்னானின் ஆவி புலம்புமே, நினைவிருக்கிறதா? விருந்துக்கு அழைத்து, தொழுவத்து மாட்டைப்போல் மனைவியின் காதலன் ஏகிஸ்தஸ் தன்னைக் கொன்றதாகவும், இறக்கும்போது தன் கண்களைக்கூட மனைவி மூடிவிடவில்லை என்றும் சொல்லும். அதே கொலை, கி.மு. 458-இல் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய ஒரெஸ்டேயா என்ற மூன்று நாடகத் தொடரில் குளியல் தொட்டியில் நடக்கிறது. மனைவி கிளைட்டம்னெஸ்ட்ராவே வலைபோன்ற துணியில் அவனைச் சிக்கவைத்து வெட்டுகிறாள். பிணத்தருகே நின்றபடி, செய்தது நான்தான் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அறிவிக்கிறாள். போருக்காக மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தவனாயிற்றே என்பது அவள் நியாயம். ஒடிசியில் அந்தப் பலியைப் பற்றிப் பேச்சே இல்லை. மகளின் பலி கதைக்குள் வந்ததும் அந்தத் தாய் எப்படி மாறிவிடுகிறாள்? உங்களுக்குத் தோன்றும் பதிலை வரி எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் பத்து நூல்களின் பெயரைச் சொல்வதைவிட இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் உங்கள் வாசிப்பு தெரியும்.

மூன்று நாடகங்களையும் விடாமல் படியுங்கள். கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே முத்தொடர் அது. பழிக்குப் பழி என்று போகும் கதை ஏதென்ஸ் நீதிமன்றத்துக்கு வந்து சேரும்.

அப்புறம் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் லத்தீன் காவியம் ஈனியட். 12 காண்டங்களில் இரண்டாவது, டிராய் எரிந்த இரவைத் தோற்ற டிராய் வீரன் ஈனியஸின் வாயால் சொல்கிறது. இலியட் படித்த கையோடு படித்தால் மனசு கனத்துப்போகும். கிரேக்க வரலாற்றாசிரியர்களில் துசிடிடீஸ் கொஞ்சம் பொறுக்கட்டும். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஹெரோடோட்டஸிடம் போங்கள்.

மொழி தெரியாதே என்ற பயம் வேண்டாம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் கிரேக்கமும் லத்தீனும் ஆரம்பத்திலிருந்தே கற்றுத் தருகிறார்கள். சேர நினைக்கும் துறையின் மொழி நிபந்தனையை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். கிரேக்க எழுத்து 24தான், இந்த விடுமுறையிலேயே எழுதிப் பழகலாம். மூலத்தைப் பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.