கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை: பழைய துப்பாக்கியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, சாயல்குடி பக்கம் மிளகாய் போடுகிற விவசாயி நான். தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் கேப் துப்பாக்கி, அப்பாவுக்குப் பிறகு முறைப்படி என் பெயரில் லைசென்ஸ் ஆகியிருக்கிறது. வாய்ப்பக்கம் மருந்து போட்டுக் கெட்டிக்கிற ரைஃபிள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாதி நேரம் வேலை செய்வதில்லை. சில சமயம் முதல் அடிக்குச் சும்மா இருந்துவிட்டு இரண்டாவது அடிக்கு வெடிக்கிறது. சில சமயம் கேப் மட்டும் பட்டென்று வெடிக்கிறது, மருந்து பற்றுவதில்லை. தெரிந்தவர் ஒருவர், “தோட்டாவின் பின்னால் இருக்கிற, அடித்தால் நெருப்பு விடுகிற பிரைமருக்கு மாற்றித் தருகிறேன், எட்டாயிரம் ஆகும்” என்கிறார். இன்னொருவர் பெரிய மஸ்கட் கேப் போடச் சொல்கிறார். “தொல்லையே வேண்டாமென்றால் நிப்பிளைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டு, லைசென்ஸே தேவையில்லை” என்றும் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: மூன்றில் எதையும் கேட்க வேண்டாம். அடித்தால் வெடிக்கிற மருந்தை உள்ளே வைத்த, இப்போது நீங்கள் போடுகிற சின்னச் செம்புக் கேப்பே உங்களுக்குப் போதும். கெட்டுப்போயிருப்பது பற்றவைக்கிற முறை இல்லை. கேப்பை மாட்டுகிற, சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு நிப்பிளும் அதற்குள் ஓடுகிற துளையும்தான் கெட்டிருக்கின்றன. அதைச் சரிசெய்யத் துப்பாக்கியில் ஓட்டை போட வேண்டியதில்லை.

ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் குழல் காலியா என்று பாருங்கள். கேப் வெடித்து மருந்து பற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்தை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. தாத்தா கெட்டித்து வைத்ததை முப்பது வருஷம் கழித்துப் பேரன் எடுத்துத் துடைக்கும்போது வெடித்த கதைகள் எனக்குத் தெரியும். கருமருந்து குழலுக்குள் கிடந்தால் வருஷங்கள் போனாலும் உயிரோடுதான் இருக்கும். நிப்பிளில் கேப் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், திணிக்கிற கம்பியை அடிவரை மெதுவாக விட்டு, வாய்மட்டத்தில் கம்பியில் ஒரு குறி வையுங்கள். கம்பியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில், குறி வாய்மட்டத்துக்கு நேராக வரும்படி பிடியுங்கள். நுனி நிப்பிள் இருக்கிற இடம்வரை வந்தால் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அப்படி இருந்தால் நீங்களே நோண்ட வேண்டாம், தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏற வேண்டாம். லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் “கெட்டித்த நிலையில் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லி, அவர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

காலி என்று தெரிந்துவிட்டதா? சரி, இப்போது கோளாறுக்கு வருவோம். நீங்கள் ஒன்று என்று நினைப்பது இரண்டு.

முதல் அடிக்கு வெடிக்காமல் இரண்டாவது அடிக்கு வெடித்தால், கேப் நிப்பிளின் மேல் முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம். முதல் அடியின் வேகம் கேப்பைக் கீழே தள்ளி உட்காரவைப்பதற்கே செலவாகிவிடுகிறது. கேப்புக்குள் நசுங்க வேண்டிய மருந்து நசுங்குவதில்லை. இரண்டாவது அடிக்குத்தான் நசுங்கி வெடிக்கிறது. தாத்தா காலத்திலிருந்து குதிரை (கேப்பை அடிக்கிற சுத்தி) அடித்து அடித்து நிப்பிளின் நுனி காளான் குடைபோல விரிந்திருக்கும். விரல் நகத்தை அதன் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், தடுக்கும். அல்லது கடைக்காரர் 11ஆம் நம்பருக்குப் பதில் 10ஆம் நம்பரைக் கொடுத்திருப்பார். 10 கொஞ்சம் சின்னது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்குத் தீர்வு புது நிப்பிள், சரியான நம்பர் கேப், அவ்வளவுதான். பிரைமருக்கு மாற்றி ஆகப்போவது எதுவும் இல்லை.

கேப் வெடித்து மருந்து பற்றாமல் போவது வேறு விஷயம். கேப்பின் நெருப்பு நிப்பிளின் துளை வழியாக இறங்கி, ஒரு முடுக்குத் திரும்பி, குழலின் அடியில் கிடக்கிற மருந்தைத் தொட வேண்டும். அந்த வழியில் எண்ணெயோ பழைய கரியோ துருவோ அடைத்திருந்தால் நெருப்பு பாதியிலேயே அவிந்துவிடும். நீங்கள் மழைக்கு முன்பு பயந்துகொண்டு நிறைய எண்ணெய் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் தேங்காய் எண்ணெயாக இருக்கும். நம் கடற்கரையில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. தையல் மெஷின் எண்ணெய் போதும். அதையும் சுடுவதற்கு முன் குழலிலிருந்து முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும்.

வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய பழக்கம் உண்டு. காலிக் குழலில், மருந்து எதுவும் போடாமல், வெறும் கேப்பை மட்டும் வைத்து, குழல்வாயைத் தரையில் கிடக்கிற ஒரு காய்ந்த இலைக்கு நேரே பிடித்து அடியுங்கள். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் இன்னொரு கேப். அதற்கும் அசையாவிட்டால் அன்றைக்கு மருந்து போடாதீர்கள், நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்கிற நாள் அது.

இனி அந்த இரண்டு யோசனைகள். மஸ்கட் கேப் என்பது பட்டாளத்துத் துப்பாக்கிகளுக்கென்று வந்த பெரிய கேப், விளிம்பு மடிந்து தொப்பிபோல இருக்கும். 1853ஆம் வருஷத்து என்ஃபீல்டு மாதிரித் துப்பாக்கிகளில் இதுதான். நெருப்பு அதிகம், நடுங்குகிற கைக்கும் எடுத்து வைக்க வசதி. உங்கள் துப்பாக்கிக்குப் பெரிய நிப்பிள்தான் முதலிலிருந்தே இருந்தது என்றால் அதையே போடுங்கள். இல்லையென்றால் நிப்பிளையும் மாற்ற வேண்டும், குதிரையின் வாய்க்குள் அது அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கேப் உட்காராததும் வழி அடைத்திருப்பதும் இதனால் தீரப்போவதில்லை.

தோட்டா பிரைமரில் 209 என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு போர் என்கிற குழல் அளவுக்கான தோட்டாவின் பின்புறம் பொருத்துவது. வெளிநாட்டில் இப்போது வருகிற புதுவகைத் துப்பாக்கிகள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. அங்கே கருமருந்துக்குப் பதிலாக விற்கிற மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதிகச் சூடு கேட்கின்றன, அதனால் அவர்களுக்கு அது தேவை. உண்மையான கருமருந்து சீக்கிரம் பற்றும். சின்னக் கேப்பின் நெருப்பு போய்ச் சேர்ந்தாலே போதும். கையால் அடித்துச் செய்த பழைய குழலில் துளையைப் பெரிதாக்கி 209 போடுவது, பழைய மண்சுவரைக் குடைந்து இரும்புக் கதவு வைப்பதுபோல. சுடும்போது பின்பக்கம் வருகிற அழுத்தம் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரப் பார்க்கும், அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் உங்கள் முகம் இருக்கும்.

எட்டாயிரம் கேட்கிற அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவராக இருந்தால் போர்டும் ரசீதும் இருக்கும். “தெரிந்தவர்” என்று நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் புரிகிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமில்லை, பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் லைசென்ஸ் கேட்கிறது. அவர் பட்டறையில் துளை போட்டுத் தருவார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாளைக்கு ஆய்வில், லைசென்ஸில் எழுதியிருப்பது ஒன்று, கையில் இருப்பது வேறு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்த ஆட்கள் பிரைமரோடு நிற்பதும் இல்லை. அடுத்து, “கருமருந்து எங்கே கிடைக்கிறது, இதைப் போடு” என்று தோட்டாவை உடைத்து எடுத்த மருந்தைக் கொடுப்பார்கள். அது புகையில்லா மருந்து. கருமருந்துக்குச் செய்த குழலில் ஒரு சிட்டிகைகூட அதைப் போடக் கூடாது. குழல் பிளந்தால் முதலில் போவது தாங்கிப் பிடித்திருக்கிற இடது கை. கேப் கிடைக்கவில்லையென்று தீக்குச்சி மருந்தைச் சுரண்டி நிப்பிளில் அடைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் படியேற விடாதீர்கள்.

நிப்பிளையும் தபாலில் வரவழைக்காதீர்கள். வெளிநாட்டு நிப்பிளின் மரை ஒரு கணக்கு, நம் ஊர்ப் பழைய துப்பாக்கியின் மரை வேறு கணக்கு, பலவற்றில் கையால் வெட்டிய மரை. இரண்டு சுற்றுப் போய் இறுகினால் பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படித் திருகிய நிப்பிள் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்ச் சுட்டவரின் கன்ன எலும்பில் தைத்திருந்ததைப் பார்த்தவன் நான். ஒரு அங்குலம் மேலே போயிருந்தால் கண். பழைய நிப்பிளையே கொண்டுபோய்க் காட்டி, அதே மரையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். சுடும்போது கண்ணைக் காக்கிற பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

அப்புறம், நிப்பிளைக் கழற்றினால் லைசென்ஸ் தேவையில்லை என்கிற பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. வழக்கொழிந்த மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று மூன்றையும் அது சொல்கிறது. புரோக்கர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்பது அதன் மீதிப் பாதி. நிப்பிளைக் கழற்றியதை ஐந்து நிமிஷத்தில் திரும்பத் திருகிவிடலாம். குதிரையைக் கழற்றினாலும் அப்படித்தான். சிலர் குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள், ஈயத்தை உருக்கி எடுக்கவும் முடியும். ஆக, பழுதுபார்த்தால் சுடும் என்கிற எந்தத் துப்பாக்கிக்கும் இந்த விலக்கு இல்லை. துரு தின்று குழலே ஓட்டையாகிப்போன, எவராலும் உயிர் கொடுக்க முடியாத பொருளுக்குத்தான் விலக்கு. அது அப்படிப்பட்டதுதானா என்று நீங்களும் நானும் முடிவுசெய்ய முடியாது. சுவரில் மாட்ட ஆசையென்றால் லைசென்ஸோடு மாட்டுங்கள். வைத்துக்கொள்ளவே விருப்பமில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

இதே ஆட்கள்தான் “மருது பாண்டியர் காலத்துத் துப்பாக்கி” என்று நிப்பிள் வைத்த துப்பாக்கியைக் கொண்டுவந்து விற்பவர்கள். 1801இல் அந்தப் போர் நடந்தபோது கேப் என்ற பொருளே உலகத்தில் இல்லை. திரியும் சக்கிமுக்கிக் கல்லும்தான். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றுவாயில் தெரிகிற பளிச்சைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுகின்றன என்று வருத்தப்பட்ட ஃபோர்சித் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கிற மருந்தைக் கொண்டு சுடுகிற முறைக்கு 1807இல்தான் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப் அதற்கும் பிறகு வந்தது.

மழைக்கால விஷயம் இனிமேல்தான் இருக்கிறது, உங்கள் ஊருக்கு அதுதான் முக்கியம். சில வகைக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பின் அது விட்டுப்போவது ஓர் உப்பு. கருமருந்துக் கரியும் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். போதாததற்கு வாடைக்காற்று கடல் உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது. சுட்ட அன்று இரவே கழுவாவிட்டால் விடிவதற்குள் துளைக்குள் துரு பூக்கும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீரில்தான் உப்பு கரையும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சூடாக இருந்தால் சீக்கிரம் காயும். ஆனால் போர்வெல் தண்ணீர் வேண்டாம். சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் போர் போட்டால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியது மாதிரி ஆகிவிடும். ஊருணித் தண்ணீர், மழைத்தண்ணீர், குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், இதில் ஒன்று போதும். நிப்பிளைத் தனியாகக் கழற்றி, துளையில் மெல்லிய செம்புக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

கேப்பை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மாத்திரைப் புட்டியில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பை வரும், அதை உள்ளே போடலாம். அடுப்படி அலமாரி கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடமும் கூடாது. சுடப்போகிற நிமிஷத்துக்கு முன் நிப்பிளில் கேப் வைக்காதீர்கள். அடித்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கமே பிடித்தபடி இரண்டு நிமிஷம் நில்லுங்கள். ஈரம் பட்ட மருந்து தாமதித்துப் பற்றும். குழல்வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதோ வாயால் ஊதுவதோ எப்போதும் வேண்டாம்.

ரைஃபிள் என்று எழுதியிருக்கிறீர்கள். குழலுக்குள் முறுக்கு வரி இருந்தால்தான் ரைஃபிள். நம் பக்கத்து வயல் துப்பாக்கிகள் பெரும்பாலும் வெறுங்குழல். நான் சொன்னது இரண்டுக்கும் ஒன்றுதான். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றி, மயில் மேல் சுடுகிற உரிமை வந்துவிடாது, அது வனத்துறை விஷயம்.

கடைசியாக, உங்களிடம் இல்லாத ஒரு குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும், ஒரு வழக்கும் இல்லாத விவசாயியைக்கூடத் துப்பாக்கியைக் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படை என்கிறார்கள். வாரக்கணக்கில் அது ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கும். அதற்கு ஒரு துணி சுற்ற, ஒரு சொட்டு எண்ணெய் விட அங்கே யாருக்கும் நேரமில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து திரும்பி வருகிற துப்பாக்கிகளின் நிப்பிள்களை நான் எத்தனை முறை ஊறவைத்துக் கழற்றியிருக்கிறேன் தெரியுமா! பொருளை வாங்கி வைக்கிறவர்களுக்கு அதைக் காப்பாற்றிக் கொடுக்கிற கடமை கிடையாதா? இது மாறும்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் கழுவிக் காயவைத்து, நிப்பிள் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திருகி, எண்ணெய்த் துணியால் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் “நிப்பிளுடன், காலிக் குழலாக” என்று எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்குகிற அன்று, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அங்கேயே கம்பியை உள்ளே விட்டு அந்தக் குறி சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.